தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் உங்கள் கைக்கு வருமோ, எனக்குத் தெரியாது. வரும்போது உங்கள் முதுகு வலி தூங்கிக்கொண்டிருக்கட்டும். இங்கே நான் சௌக்கியம். உங்கள் தங்கை சௌக்கியம். சௌக்கியமில்லாதவர் மேனேஜர் ஒருவர்தான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் கப்பலேறுகிற அவசரத்தில், என் தையல் கடையில் ஒரு கடல்நீர்த் தொட்டியை இறக்கி வைத்து, "பத்து மாசம்தான் மாப்பிள்ளை, பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதற்குள் இருக்கும் ஒரே ஜீவன் அவர்தான். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. வேலை வெட்டி எதுவும் இல்லாமல் நாள் முழுக்க மேலும் கீழும் போய் எல்லாரையும் முறைத்துப் பார்ப்பதால் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் மேனேஜர்.

ஒரு வாரமாக அவர் வால் ஓரம் பிரிந்து வருகிறது. ஓரம் அடிக்காமல் விட்ட துணி நூல் நூலாகப் பிரியுமே, அந்த மாதிரி. நுனியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பக்கத்துத் துடுப்பிலும் ஆரம்பித்துவிட்டது. துணியாக இருந்தால் மடித்து ஒரு தையல் அடித்துவிடுவேன். மீனை எந்த மெஷினில் வைத்து ஓட்டுவது?

பதிலைக் கடை முகவரிக்கே போடுங்கள். நான் எழுதுவது உங்கள் தங்கைக்குத் தெரியாது. உங்கள் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அவள் வாயில் 'அண்ணன்' என்ற வார்த்தை வரவில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'உங்க மச்சான்' என்கிறாள். தொட்டி வந்த அன்றைக்கே, "கடை உங்களோடது, எதை வேணா வைங்க. ஆனா இந்தக் கதவைத் தாண்டி அது வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் செத்துப்போனால் உங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ஒரே சாமானும் போய்விடுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அதனால்தான் எழுதுகிறேன். சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சரக்கு இறக்க நின்ற இடத்தில் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். என்ஜின் அறைச் சூட்டில் முதுகு தன்னை மறந்துவிடுகிறது. நீங்கள் நலமா? அவள் நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? சின்ன வயதில் ஓயாமல் பேசுவாள் என்று அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவேன். இப்போது கடையில் அவள் குரல் கேட்கிறதா?

மேனேஜருக்கு வந்திருப்பது வால் அழுகல். குணமாகக் கூடியதுதான். செய்ய வேண்டியதையெல்லாம் எண் போட்டு நான்கு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். அவசரத்துக்குச் சில வரி இங்கேயே: பெரிய தொட்டியில் எக்காரணம் கொண்டும் மருந்து ஊற்றாதீர்கள். அங்கே பாறையில் நல்ல கிருமிகள் உண்டு, அவை செத்தால் தண்ணீரே கெட்டுவிடும். ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் எடுத்து, காற்று பம்பு போட்டு, மீனை அதில் தனியாக வைத்து, லிட்டருக்கு ஒரு சொட்டு வீதம் மருந்து விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி அறுபத்தொன்றால் வகுத்தால் லிட்டர் வரும்.

ஒரு சந்தேகம். தொட்டியில் தண்ணீர் குறையும்போது எதை ஊற்றுகிறீர்கள்? உப்புத் தண்ணீரா? உப்பு ஆவியாகாது மாப்பிள்ளை. குறைவது வெறும் தண்ணீர்தான், வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

கடலும் கப்பலும் உங்களை நல்லபடியாக வைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் பதறிப்போய் மீன்கடைக்காரரிடம் ஓடினேன். அவர் மஞ்சளாக ஒரு மருந்தைக் கொடுத்து, "பெரிய தொட்டியிலேயே ஊத்துங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். ஊற்றினேன். மறுநாள் காலையில் உங்கள் கடிதம் வருகிறது, எக்காரணம் கொண்டும் ஊற்றாதே என்று. அவர் சொன்னது சரியா, நீங்கள் சொன்னது சரியா? அவரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "அவர் சொல்றதும் சரிதான்" என்கிறார்!

உப்பு விஷயம் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கடல் மீனுக்கு உப்பு குறையக் கூடாதே என்று ஐந்து மாதமாக நான்தான் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். மேனேஜரை உயிரோடு உப்பில் ஊறப் போட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாம் குறிப்பில் உள்ளபடியே. கண்ணாடிப் பெட்டி வாங்கிவிட்டேன். அவர் ஒளிந்துகொள்ள ஒரு காலி நூல்கண்டுக் குழாயும் போட்டேன். டேப்பை எடுத்து நானே அளந்தேன், அளவில் நான் தப்புப் பண்ணுவேனா? நாற்பத்தேழு லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பத்தேழு சொட்டு, வாய்விட்டு எண்ணித்தான் விடுகிறேன். ஆனால் மருந்து ஆரம்பித்ததிலிருந்து மேனேஜர் அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். வாய் மட்டும் வேகமாகத் திறந்து மூடுகிறது. இது நோயின் வேலையா, மருந்தின் வேலையா?

உங்கள் தங்கை குரல் கேட்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நான் சொட்டு எண்ணும்போது கதவுக்குப் பின்னால் அவள் கொலுசு கேட்கிறது. குரல் இல்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்களிடமிருந்து அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. நாளை கிளம்புகிறோம், அதற்குள் தபாலில் சேர்க்கவே இதை எழுதுகிறேன். எல்லாரும் நலம்தானே?

அந்த நான்கு பக்கத்தில் இரண்டு விஷயத்தை எழுத விட்டுவிட்டேன். பெட்டியில் வடிகட்டி வைத்திருந்தால் அதில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள், கரி மருந்தை உறிஞ்சிவிடும். அடுத்தது, ஐந்து நாளில் குணம் தெரியாவிட்டால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். கால் பங்கு கூட்டுங்கள். தயங்க வேண்டாம்.

அவளுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால்.

மச்சான்


மார்ச் 6

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் என்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

மருந்தைக் கூட்டச் சொல்லி உங்கள் கடிதம் வந்தது. மேனேஜர் கிடந்த கிடப்பைப் பார்த்தால் கை வரவில்லை. ஆனாலும் தெரிந்தவர் சொல்கிறாரே என்று பாட்டிலைத் திறந்தேன். அதற்குள் ஒருவர் சட்டை வாங்க வந்து, பொத்தான் வேறு நிறம் வேண்டுமென்று அடம் பிடித்தார். பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் பெட்டியில் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. மஞ்சளே இல்லை. தரையில் ஈரம் துடைத்த அடையாளம். மருந்து பாட்டிலைக் காணோம். கடையைக் கவிழ்த்துத் தேடினேன். மேனேஜர் நிமிர்ந்து நின்று என்னை முறைக்கிறார்!

"யாராவது வந்தாங்களா?" என்று உள்ளே போய்க் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? உங்க மேனேஜரே மாத்திக்கிட்டிருப்பார்" என்றாள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பாத்திரம் கழுவினாளாம்.

அன்று சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள். உங்கள் நான்கு பக்கத்தைக் துணி வெட்டும் மேஜை டிராயரில்தான் வைத்திருக்கிறேன், எப்போது பார்த்தாள் என்று தெரியாது. "மீன் வாலுக்கு நாலு பக்கம். படம் வேற போட்டிருக்கார். அம்மா படுத்திருந்தப்ப எத்தனை வரி எழுதினார் தெரியுமா? ரெண்டு." அந்த இரண்டு வரியையும் பார்க்காமலே ஒப்பித்தாள்: 'அம்மாவைப் பார்த்துக்கொள். முடிந்தால் வருகிறேன்.' அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அவளுக்கு என்ன சொல்லட்டும் மச்சான்? மீனைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு மட்டும் ஒரு பதில் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. நலம்.

மருந்தைக் கூட்டச் சொன்னது என் தவறு. உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மீன் ஒருக்களித்துப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால் மருந்து அதிகம் என்று பொருள். தண்ணீரை மாற்றியது யாராக இருந்தாலும் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரத்துக்கு மருந்தே வேண்டாம். சுத்தமான தண்ணீர், சரியான உப்பு, நாளொன்றுக்கு இரண்டு வேளை கொஞ்சமாகத் தீனி.

நாற்பத்தேழு லிட்டர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெட்டி அவ்வளவு பெரிதா? உங்கள் கடை மேஜையில் அத்தனை பெரிய பெட்டிக்கு இடம் ஏது? மறுபடி அளந்து பாருங்கள்.

மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மச்சான்


ஏப்ரல் 14

மச்சானுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். என் கோபத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் மேனேஜர் கதை. போன வாரம் துணி கொடுக்கப் போனவன், கத்தரியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். உங்கள் தங்கை முக்காலி போட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, சொட்டுக் குழாயால் அவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிடிபட்டது நான். என் அளவு நோட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன? இருபது, பன்னெண்டு, பன்னெண்டு?"

"பெட்டி அளவு."

"பெட்டி பதினெட்டு, பத்து, பத்து. நான் அளந்துட்டேன். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு அங்குலம் எங்கேருந்து வந்துச்சு?"

நோட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. முப்பது வருடமாக எதை அளந்தாலும் தையலுக்கு இரண்டு அங்குலம் சேர்த்தே எழுதிப் பழகிய கை மச்சான். பெட்டிக்கும் சேர்த்திருக்கிறது!

"தொட்டிக்கு எதுக்குங்க தையலுக்கு விடறீங்க? நாளைக்கு அது குண்டாச்சுன்னா பிரிச்சு விடறதுக்கா?" என்றாள். முப்பது லிட்டர் கூட வராத பெட்டிக்கு நாற்பத்தேழு சொட்டு. கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு விஷம். அவள் பாட்டிலைப் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்திருக்காவிட்டால் நான் கால் பங்கு கூட்டி, ஆளையே முடித்திருப்பேன். இந்தப் பேச்சு நடக்கும்போது அவள் சிரித்துவிட்டாள். இரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் மருந்தே விடாமல் வைத்திருந்தாள், இப்போது அவளே சரியான அளவில் விடுகிறாள். வால் பிரிவது நின்றுவிட்டது. அம்மாவுக்கு மருந்து கொடுத்த காலத்தில் காலண்டரில் கோடு போட்டு வைப்பாள், அதே மாதிரி போடுகிறாள்.

இனி என் கோபம். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் உப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். உங்கள் கடிதத்தை அவளே பிரித்துப் படித்தாள். 'மற்றதைப் பற்றிப் பிறகு' என்ற வரியில் விரலை வைத்து, "பாருங்க, இன்னொரு 'முடிந்தால்'" என்றாள். "கப்பல் வந்தா தொட்டியைக் கடை வாசல்லயே குடுத்து அனுப்பிடுங்க. உள்ள கூப்பிட வேண்டாம்" என்றும் சொன்னாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அம்மாவின் கடைசி நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டாலும் நான் எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது. கேட்க வேண்டியது நீங்கள்.

மாப்பிள்ளை


மே 22

மச்சானுக்கு,

நலமா? ஐந்து வாரமாயிற்று. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவள் கடை வாசலுக்கு வந்துவிடுகிறாள், ஏதோ துணி காயப்போடுகிற மாதிரி. அவர் தாண்டிப் போனதும் அதே துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். கோபத்தில் நான் அதிகமாக எழுதிவிட்டேனா? அப்படியென்றால் திட்டியாவது எழுதுங்கள்.

பெரிய தொட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றி, மேனேஜர் அங்கே திரும்பிவிட்டார்.

மாப்பிள்ளை


ஜூன் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. பதினொரு கடிதம் எழுதிக் கிழித்தேன், அதுதான் தாமதம். அந்த இரண்டு வரியை எழுதிய அன்றும் இப்படித்தான் கிழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது அந்த இரண்டு வரி.

இதைச் சில்வண்டிடம் கொடுங்கள்.

அப்போது எங்கள் கப்பல் வீட்டிலிருந்து இரண்டு நாள் பயணத் தூரத்தில்தான் நின்றது. லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசல் வரை வந்தேன். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அடுத்தது வந்தது. மூன்றாவதும் போன பிறகு திரும்பி நடந்து வந்து என்ஜின் அறைக்கு இறங்கிவிட்டேன். லீவு ரத்து என்று நானே எல்லாரிடமும் சொன்னேன்.

காரணம் பயம். அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்கப் பயம். வேறு எதுவும் இல்லை. 'முடிந்தால்' என்று எழுதினேன். முடியும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மீன் வாலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் நான்கு பக்கம் எழுத வந்தது. அம்மாவுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சில்வண்டு, அம்மா கடைசி நாட்களில் எப்படி இருந்தாள்? வலி இருந்ததா? என்னைக் கேட்டாளா? இரண்டு வருடமாக இதை யாரிடமும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். நீ எவ்வளவு எழுதினாலும் படிப்பேன்.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். இவரும் நன்றாக இருக்கிறார். நீ முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா? அதை முதலில் எழுது.

உன் கடிதத்தை இவர் என் கையில் கொடுத்துவிட்டுக் கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஊசியில் நூலே கோக்கவில்லை, சத்தம் மட்டும் வந்தது. நான் அழுவது கேட்கக் கூடாதென்று எனக்காக ஓட்டினாராம்.

நீ பயந்தாய் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறவன்தானே நீ. அதை நீயே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். எனக்கு மட்டும் பயமில்லையா அண்ணா? நான் எந்த மாடிக்கு ஓடுவது?

கேட்டதற்குப் பதில் தனியாக வைத்திருக்கிறேன். மேனேஜருக்கு நீ எழுதிய மாதிரியே எண் போட்டு, நான்கு பக்கம். என்ன மருந்து, என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலி குறைந்தது, எல்லாம் இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆளே இல்லை. இவர் கூடவே இருந்ததால் இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவன் கேட்காததால் எல்லாம் என்னிடமே கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படி. மொத்தமாகப் படிக்காதே.

கடைசிப் பக்கத்தில் இருப்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் உனக்கு எழுதவே மாட்டார்.

கடைசி நாள் மத்தியானம். அம்மாவுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. இவர் கழுத்தில் டேப்போடு கடையிலிருந்து உள்ளே வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாடா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வந்துட்டேம்மா. கப்பல்தான் லேட்டு" என்றார். "சாப்பிட்டியா?" என்றாள். "சாப்பிட்டேம்மா." அப்புறம் அவள் பேசவில்லை. கையையும் விடவில்லை. வெளியே துணிக்கு ஆட்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள், இவர் எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாயும் வரை நீயாகவே உட்கார்ந்திருந்தார்.

நீ வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

நீ வராததற்காக எனக்கு உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிக்கு இரண்டு அங்குலம் கூட்டி எழுதியதற்கு நான் இவரை அத்தனை கேலி பண்ணினேனே, அன்று படுத்த பிறகு யோசித்தேன். இந்த மனுஷன் எல்லாருக்கும் அப்படித்தான் கூடவே விட்டு வைப்பார். உனக்கும் விட்டு வைத்திருக்கிறார். நானும் கொஞ்சம் விட்டுப் பார்க்கிறேன்.

மேனேஜரின் வால் வளர்ந்துவிட்டது. புதிதாக வந்த ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நிறம் ஏறவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். தொட்டியைக் கதவைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தாயிற்று, அம்மா கட்டில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே வந்து அவரைப் பார்த்துக்கொள். வாசலில் வைத்துக் கொடுக்க முடியாது, கனம்.

கப்பல் கரைக்கு வருகிற தேதியை எழுது. தேதி மட்டும் எழுது. முடிந்தால் என்று எழுதாதே.

சில்வண்டு